மரபணுக் குறிப்பான் வைத்து நோய் தாங்கும் மரம்: சுகர் பைனை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வனவியல் படித்தவன். நெல்லிலும் தக்காளியிலும் டிஎன்ஏ பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பது பற்றிப் பலருக்கும் ஓரளவு தெரிகிறது, ஆனால் காட்டு மரத்தில் அதைச் செய்யலாமா என்று பேச்சு வந்தால் மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். மரத்துக்கு மரம் கதை மாறும் என்பதால், அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிஃபோர்னியா, ஒரிகன் மலைகளில் வளரும் சுகர் பைனை மட்டும் முக்கிய உதாரணமாகப் பிடித்துக்கொள்கிறேன். இந்தத் துறையில் கிடைத்த வெற்றியும் சறுக்கலும் அந்த ஒரு மரத்திலேயே தெரியும்.

சுகர் பைனுக்கு அப்படி என்ன நோய்?

பைன் இனங்களிலேயே மிக உயரமாக வளர்வது சுகர் பைன். அதன் கூம்பு அரை மீட்டர் நீளம் வரை தொங்கும். ஊசி இலைகள் ஐந்தைந்தாகச் சேர்ந்து வரும், இந்த ஐந்து ஊசிப் பைன்களைத்தான் கொப்புளத் துரு நோய் தாக்குகிறது. காரணம் குரோனார்ட்டியம் ரிபிகோலா என்ற பூஞ்சை. அது அமெரிக்காவின் பூஞ்சை இல்லை. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து, அங்கே நாற்றங்கால்களில் பரவி, 1910-ல் பிரான்ஸிலிருந்து கனடாவின் வான்கூவருக்கு அனுப்பிய பைன் நாற்றுகளோடு மேற்குக் கரையில் இறங்கியது. 1921-ல்தான் அங்கே அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அது காட்டுக்குள் போய்விட்டது.

பூஞ்சை வித்து இலைத் துளை வழியாக ஊசிக்குள் நுழையும், அங்கிருந்து மெதுவாகக் கிளைக்கு இறங்கும், கிளையிலிருந்து தண்டுக்கு வரும். சில ஆண்டு கழித்து ஒரு வசந்த காலத்தில் பட்டை வீங்கி, ஆரஞ்சு நிறக் கொப்புளம் வெடித்துப் பொடி பறக்கும். தண்டைச் சுற்றி முழுக்கப் பரவிவிட்டால் அதற்கு மேலே உள்ள பகுதி காய்ந்துவிடும். சின்ன நாற்று சீக்கிரம் செத்துவிடும், பெரிய மரம் பல ஆண்டு இழுத்துக்கொண்டு நிற்கும். என்னை அதிகம் வருத்துவது சின்ன நாற்றுகள் சாவதுதான், ஏனென்றால் இன்று நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்துக் காடு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தலைமுறை கீழே இல்லாமல் போயிருக்கும்.

ஒரு மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்குப் பரவாதா?

நேராகப் பரவாது. இந்தப் பூஞ்சைக்கு இரண்டு வீடு வேண்டும். பைனிலிருந்து பறக்கும் வித்து இன்னொரு பைனில் முளைக்காது, பெரும்பாலும் ரைபீஸ் என்ற புதர்ச்செடியின் இலையில்தான் முளைக்கும். அங்கே கோடை முழுக்கப் பெருகி, ஈரமான இலையுதிர் காலத்தில் வேறு வகை வித்தை உண்டாக்கி, அந்த வித்துதான் பைனுக்கு வரும். அவர்கள் ஊர் கூஸ்பெரி எல்லாம் ரைபீஸ் வகைதான். அகராதியில் கூஸ்பெரிக்கு நெல்லிக்காய் என்று போட்டிருப்பார்கள், நம்முடைய நெல்லிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, ரைபீஸைப் பிடுங்கிவிட்டால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்கும் அதுதான் தோன்றியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களை ஆயிரக்கணக்கில் முகாம் போட்டு மலை மலையாக ரைபீஸ் பிடுங்க வைத்தார்கள். மேற்கு மலைகளில் அது பலிக்கவில்லை. வேர் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் துளிர்க்கும், மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு கழித்தும் முளைக்கும், செங்குத்தான சரிவில் ஒரு புதர் விட்டுப்போனாலும் அது போதும். 1960-களில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

மருந்து அடிக்க முடியாதா?

நாற்றங்காலில் அடிக்கலாம். அறுபது மீட்டர் உயர மரங்கள் நிற்கும் மலைத்தொடர் முழுக்க, ஆண்டுதோறும், நூறு ஆண்டுக்கு அடிக்க முடியாது.

அப்படியானால் நோய் தாங்கும் மரத்தை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கண்ணால்தான். சுற்றிலும் எல்லாம் காய்ந்துபோன இடத்தில் ஒரே ஒரு மரம் பச்சையாக நின்றால் அது தற்செயலா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதில் தொடங்கியது. சுகர் பைனின் உறவான மேற்கத்திய வெள்ளை பைனில், ஐடஹோ மாநிலத்தில், ரிச்சர்ட் பிங்கம் என்ற ஆராய்ச்சியாளர் 1950 வாக்கிலேயே அப்படிப்பட்ட மரங்களைத் தேடிப் பிடித்துக் கலப்பு செய்ய ஆரம்பித்தார். 1966 முதல் ஒரிகனில் டொரீனா என்ற இடத்தில் அமெரிக்க வனத்துறை இதற்கென்றே ஒரு மையம் நடத்துகிறது.

அங்கே நடக்கும் சோதனையைச் சொன்னால்தான் குறிப்பானின் அருமை புரியும். காட்டு மரத்தின் விதையைக் கொண்டுவந்து நாற்று வளர்க்கிறார்கள். பனிமூட்டம் போல ஈரம் நிறைந்த ஒரு குளிர்ந்த அறையில் நாற்றுகளை அடுக்கி, மேலே கம்பி வலையில் நோய் பிடித்த ரைபீஸ் இலைகளைப் பரப்பி வைக்கிறார்கள். வித்து தானாகக் கீழே விழும். அப்புறம் காத்திருக்க வேண்டும். ஊசியில் புள்ளி எப்போது வந்தது, எத்தனை, தண்டுக்கு இறங்கியதா, இறங்கியும் மரம் தப்பித்ததா என்று ஒவ்வொரு நாற்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். மெதுவாக வேலை செய்யும் எதிர்ப்பு வகையைப் பார்க்க ஐந்து ஆண்டு, அதற்கு மேலும் ஆகும்.

1970-ல் போஹன் கின்லாக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சில சுகர் பைன் தாய் மரங்களின் குட்டிகளில் ஒரு குறிப்பிட்ட விகிதம் நோயிலிருந்து முழுக்கத் தப்பிக்கிறது, அந்தக் கணக்கு ஒரே ஒரு ஓங்கு மரபணுவால் வரும் கணக்கு. அந்த மரபணுவுக்கு இன்று சிஆர்1 என்று பெயர். அது இருக்கும் நாற்றில் பூஞ்சை நுழைந்த இடத்தில் இலைச் செல்கள் உடனே தாங்களே செத்து, பூஞ்சையையும் அங்கேயே பட்டினி போட்டுவிடும். ஊசியில் ஒரு காய்ந்த புள்ளி இருக்கும், அதற்கு மேல் நோய் போகாது.

நோயே வராத காலத்தில் நோய் எதிர்ப்பு மரபணு எங்கிருந்து வந்தது?

கேட்க வேண்டிய கேள்வி. சுகர் பைன் இந்தப் பூஞ்சையை 20-ஆம் நூற்றாண்டுக்கு முன் பார்த்ததே இல்லை. இருந்தாலும் சிஆர்1 அதனிடம் இருந்தது. தெற்கு சியரா நெவாடா மலையில் கொஞ்சம் அதிகம், அதுவும் பத்து சதவீதத்தை எட்டாது, வடக்கே போகப் போகக் குறைந்து ஒரிகனில் அபூர்வமாகிவிடும். வேறு ஏதோ ஒரு பழைய பகையைச் சமாளிக்க வைத்திருந்த ஆயுதம் இதற்கும் பயன்பட்டது என்று நினைக்கலாம். எனக்கு இதிலிருந்து தோன்றுவது ஒன்றுதான். ஒரு காட்டில் எந்த மரத்திடம் எது இருக்கிறது என்று பார்க்காமலேயே மொத்தமாக வெட்டிவிட்டால் நாம் எதை இழந்தோம் என்றுகூடத் தெரியாது. நோய் வந்ததும் எப்படியும் சாகப்போகிறது என்று நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டி விற்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

சரி, மரபணுக் குறிப்பான் என்றால் என்ன?

புது ஊரில் ஒருவர் வீட்டைத் தேடிப் போகிறீர்கள். வீட்டு எண் தெரியாது, ஆனால் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கிறார்கள். கோயில் தெரிந்தால் வீடு கிடைத்துவிடும். குறிப்பானும் அப்படித்தான். நமக்கு வேண்டிய மரபணு எது, அது எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அதே குரோமோசோமில் அதற்குப் பக்கத்தில் மரத்துக்கு மரம் டிஎன்ஏ எழுத்து மாறும் ஒரு இடம் இருக்கிறது, அதை ஆய்வகத்தில் எளிதாகப் படிக்கலாம். பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். அதனால் குறிப்பானைப் பார்த்தால் மரபணுவும் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஊகம்தான், உறுதி இல்லை. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். குறிப்பான் மரபணுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு நடுவில் அறுந்து பிரியும் வாய்ப்பு அதிகம். மரபணுவுக்குள்ளேயே இருக்கும் எழுத்து மாற்றம் கிடைத்தால் இந்தக் கவலை இல்லை.

பைன் மரத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினமா, சுலபமா?

ஒரு விதத்தில் சுலபம், அதற்குக் காரணம் பைன் விதையின் அமைப்பு. வட இந்தியாவில் சில்கோசா என்று விற்கும் பைன் பருப்பைச் சாப்பிட்டிருப்பீர்கள். நாம் மெல்லும் அந்த வெள்ளைப் பருப்பில் பெரும்பகுதி முளைக்கரு இல்லை, அதற்குச் சாப்பாடாக இருக்கும் திசு. அந்தத் திசுவும் கருமுட்டையும் ஒரே செல்லிலிருந்து வந்தவை. அதனால் தாய் அந்த விதைக்கு எதைக் கொடுத்தாளோ அது மட்டும், தந்தையின் கலப்பு எதுவும் இல்லாமல், ஒற்றைப் பிரதியாக அதில் இருக்கும். நெல்லிலோ மாமரத்திலோ இந்த வசதி இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். விதையை முளைக்கவைத்து அந்தத் திசுவை மட்டும் தனியே எடுத்து டிஎன்ஏ பிரித்து வைத்தார்கள். அதே விதையிலிருந்து வந்த நாற்றைப் பூஞ்சைக்குக் காட்டினார்கள். எந்த நாற்று தப்பித்தது, அதன் திசுவில் தாயின் எந்தத் துண்டு இருந்தது என்று ஒப்பிட்டால் மரபணு இருக்கும் இடம் தெரிந்துவிடும். இப்படித்தான் 1995-ல் டேவியும் அவருடன் வேலை செய்தவர்களும் சிஆர்1 இருக்கும் இடத்தை முதன்முதலில் வரைபடத்தில் குறித்தார்கள். அப்போது கையில் இருந்தது ரேபிட் (RAPD) என்ற மலிவான குறிப்பான் முறைதான். அடுத்த ஆண்டு, 1996-ல், அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கோடிக்கணக்கில் நடும் லாப்லாலி பைனில், ஓக் மரத்தை இரண்டாம் வீடாகக் கொண்ட இன்னொரு துரு நோய்க்கு எதிரான மரபணுவையும் இதே வழியில் பிடித்தார்கள்.

இன்னொரு விதத்தில் கடினம், அது டிஎன்ஏவின் அளவு. மனிதனின் மரபணுத் தொகுதி சுமார் 310 கோடி எழுத்து. 2014-ல் வெளியான லாப்லாலி பைனின் தொகுதி சுமார் 2,200 கோடி. 2016-ல் வெளியான சுகர் பைனுடையது சுமார் 3,100 கோடி, அதாவது மனிதனைப் போல் பத்து மடங்கு. பைன் நம்மைவிடச் சிக்கலானது என்று பொருள் இல்லை, தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டே போகும் துண்டுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்து அப்படி ஊதிவிட்டது. இவ்வளவு திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்கு நடுவில் ஒரு மரபணுவைத் தேடுவது பெரிய வேலை. லாப்லாலி தொகுதியைப் படிக்கும்போதும் அதே ஒற்றைப் பிரதித் திசுவைத்தான், ஒரே ஒரு விதையிலிருந்து எடுத்து, அடிப்படையாக வைத்தார்கள்.

நெல்லில் சில ஆண்டில் முடித்துவிட்டார்களே, மரத்தில் ஏன் இழுக்கிறது?

நம்மூரில் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரியில், பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களைக் குறிப்பான் உதவியோடு சேர்த்து ஹைதராபாத்தில் மேம்படுத்திய சம்பா மசூரியைக் கொண்டுவந்தார்கள். மரபணு எங்கிருந்து வருகிறது என்று தெரியும், பெறும் ரகம் ஒரே சீரானது, ஆண்டுக்கு இரண்டு தலைமுறை எடுக்கலாம்.

மரத்தில் இந்த மூன்றுமே இல்லை. சுகர் பைன் கூம்பு விடவே பல பத்தாண்டு ஆகலாம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, பலரும் தவறவிடுவது அதைத்தான். பைன் காற்றில் மகரந்தம் பறந்து யாரோடும் கலக்கும் மரம். ஆயிரக்கணக்கான தலைமுறையாகக் குரோமோசோம்கள் துண்டு மாற்றி மாற்றி, ஒரு குடும்பத்தில் மரபணுவோடு ‘அ’ என்ற எழுத்து சேர்ந்திருக்கும், மலைக்கு அந்தப்பக்க குடும்பத்தில் அதே மரபணுவோடு ‘ஆ’ சேர்ந்திருக்கும். பிள்ளையார் கோயில் பக்கத்து வீடு என்ற அடையாளம் ஒரு ஊருக்குத்தான் செல்லும், எல்லா ஊரிலும் பிள்ளையார் கோயில் இருக்கிறது, பக்கத்து வீட்டில் வேறு ஆள் இருப்பார். அதனால் ஒரு தாய் மரத்தின் குடும்பத்தில் கண்டுபிடித்த குறிப்பானை எடுத்துக்கொண்டு போய்ப் பொதுவாகக் காட்டில் நல்ல மரம் தேட முடியாது. 1990-களில் குறிப்பான் வந்ததும் இனி நாற்று சோதனையே வேண்டாம் என்ற எதிர்பார்ப்பு கிளம்பியது, அது அடங்கியதற்கு இதுதான் முக்கியக் காரணம். மரபணுத் தொகுதி முழுவதும் படித்த பிறகு, மரபணுவுக்கு மிக ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கும் எழுத்துகளைத் தேட முடிவதால் நிலைமை மெல்ல மாறுகிறது.

நாற்றிலேயே பூஞ்சை தெளித்துப் பார்த்துவிட முடியும் என்றால் குறிப்பான் எதற்கு?

சிஆர்1 ஒன்றை மட்டும் பார்ப்பதாக இருந்தால் எதற்கும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். பூஞ்சை தெளித்தால் சில மாதங்களில் ஊசிப் புள்ளியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம், செலவும் குறைவு. குறிப்பானின் அவசியம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வருகிறது.

ஒரு நாற்றில் சிஆர்1-ம் இருக்கிறது, மெதுவாக வேலை செய்யும் வேறு எதிர்ப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பூஞ்சையைத் தெளித்தால் சிஆர்1 வாசலிலேயே தடுத்துவிடும். உள்ளே இரண்டாவது காவல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவே வழி இல்லை. சிஆர்1-ஐ மீறும் பூஞ்சை வகையை (அது வந்த கதை கீழே இருக்கிறது) தெளித்தால் இரண்டாவது காவல் தெரியும், ஆனால் சிஆர்1 இருக்கிறதா என்பது மறைந்துவிடும். இரண்டையும் ஒரே மரத்தில் சேர்க்க வேண்டுமானால் ஒன்றை டிஎன்ஏவில் பார்த்து மற்றதைப் பூஞ்சை வைத்துப் பார்ப்பதுதான் வசதியான வழி. ஒன்றின் மேல் ஒன்றாக எதிர்ப்பை அடுக்குவதற்குத்தான் குறிப்பான் தேவை என்று நான் நினைக்கிறேன், அவசரத்துக்கு இல்லை.

அப்புறம் யாரும் பெருமையாகப் பேசாத ஒரு பயனும் உண்டு, பெயர்ச்சீட்டு சரிபார்ப்பு. நான் ஒரு நாற்றங்காலில் வேலை பழகியபோது இரண்டு குளோன்களின், அதாவது ஒரே மரத்தின் நகலாக வளர்த்த கன்றுகளின், சீட்டுகள் மாறிப்போய், ஒரு வருடக் குறிப்பேடு முழுக்க வீணானதைப் பார்த்திருக்கிறேன். விதைத் தோப்பில் ஒட்டுக் கன்று காய்ந்து, அடியில் இருக்கும் வேர்ச்செடி துளிர்த்து அதுவே பெரிய மரமாகி, நல்ல மரம் என்ற பெயரில் மகரந்தம் கொடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. பத்துப் பதினைந்து குறிப்பான் போதும், எந்த மரம் யார், எந்த விதைக்கு யார் தந்தை என்று தெரிந்துவிடும்.

சிஆர்1 அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால் அதையே எல்லா இடத்திலும் நடலாமே?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வடக்கு கலிஃபோர்னியாவில் ஹேப்பி கேம்ப் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுகர் பைன் சோதனை நடவு ஒன்று இருந்தது. சிஆர்1 உள்ள மரங்கள் நோய் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தன. 1970-களில் அவற்றிலும் துரு வந்தது. பூஞ்சையில் ஒரே ஒரு மாற்றம், சிஆர்1 அதை அடையாளம் காண முடியவில்லை, கதவு திறந்துவிட்டது. ஒரிகனில் சாம்பியன் மைன் என்ற இடத்தில் இதே கதை மேற்கத்திய வெள்ளை பைனின் சிஆர்2 மரபணுவுக்கும் நடந்தது.

மரத்தையும் பூஞ்சையையும் காலக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மரம் ஒரு தலைமுறைக்கு ஐம்பது ஆண்டு எடுத்துக்கொள்ளும்போது ரைபீஸ் இலையில் பூஞ்சை ஒரே கோடையில் பல தலைமுறை பெருகிவிடும். நெல் ரகம் தோற்றால் அடுத்த பருவத்தில் வேறு ரகம் விதைக்கலாம். நாற்பது ஆண்டு வளர்ந்த காட்டில் ஒரே மரபணு தோற்றால் அந்தக் காட்டைத் திரும்ப விதைக்க முடியாது. அதனால்தான் டொரீனாவில் இருப்பவர்கள் பல சிறிய மரபணுக்கள் சேர்ந்து கொடுக்கும், நோயை முழுக்கத் தடுக்காமல் மெதுவாக்கும் எதிர்ப்பைத் தேடுவதில் அவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள். அந்த மரத்தில் புண் வரும், அழகாக இருக்காது, ஆனால் சாகாமல் விதை விடும். ஒரு கறையும் இல்லாத நாற்றைவிட, புண்ணோடு பத்து ஆண்டு நிற்கும் மரத்தை நான் அதிகம் நம்புவேன்.

சிறிய மரபணு பல இருந்தால் குறிப்பான் எப்படி உதவும்?

ஒரு கோயிலை வைத்து ஒரு வீட்டைத் தேடும் வேலை இங்கே நடக்காது. பல ஆயிரம் குறிப்பான்களை ஒரே நேரத்தில் படித்து, நோய் சோதனை முடிந்த மரங்களின் மதிப்பெண்ணோடு சேர்த்துக் கணினியில் ஒரு சூத்திரம் உண்டாக்குகிறார்கள், அதை வைத்து இன்னும் சோதிக்காத நாற்றின் எதிர்ப்பைக் கணிக்கிறார்கள். எந்த மரபணு என்று தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்க செஸ்ட்நட் மரம் இதற்கு நல்ல பாடம். 1904-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச் சாலையில் முதலில் கவனிக்கப்பட்ட பட்டைக் கருகல் நோய், ஐம்பது ஆண்டுக்குள் சுமார் 400 கோடி மரங்களைக் கொன்றது. 1983-ல் தொடங்கிய அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை, நோய் தாங்கும் சீன செஸ்ட்நட்டோடு கலந்து, பிறகு திரும்பத் திரும்ப அமெரிக்க மரத்தோடு சேர்த்து, எதிர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அமெரிக்க மரமாக ஆக்கிவிடலாம் என்று திட்டமிட்டது. இரண்டு மூன்று மரபணுதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட திட்டம் அது. பல பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தபோது எதிர்ப்பு பல குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தது, அமெரிக்கப் பங்கு கூடக் கூட எதிர்ப்பு குறைந்துகொண்டே வந்திருந்தது. யாரும் சோம்பேறித்தனமாக வேலை செய்யவில்லை. கேள்வி கேட்கும் கருவி அப்போது கையில் இல்லை, அவ்வளவுதான். இப்போது அவர்கள் தேர்வு செய்வதே தொகுதி முழுவதன் கணிப்பை வைத்துத்தான்.

ஐரோப்பாவில் ஆஷ் மரம் காயும் நோய்க்கும் இதே முயற்சி நடக்கிறது. பிரிட்டனில் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு சோதனை நடவுகளில் இருந்த 1,250 ஆஷ் மரங்களின் டிஎன்ஏவைப் படித்து, ஆயிரக்கணக்கான இடங்களில் எதிர்ப்போடு தொடர்பு இருப்பதை 2019-ல் காட்டியது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணிப்பு, சூத்திரம் கற்றுக்கொண்ட மரங்களுக்குச் சொந்தக்கார மரங்களில்தான் நன்றாக வேலை செய்யும். தலைமுறை தாண்டத் தாண்ட மங்கும். திரும்ப நாற்றுக்குப் பூஞ்சை தெளித்துப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இது மரபணு மாற்று மரமா?

இல்லை. குறிப்பான் வைத்துத் தேர்வது என்றால் இயற்கையாகப் பிறந்த நாற்றுகளில் எது வேண்டும் என்று டிஎன்ஏவைப் படித்துப் பொறுக்குவது. எதையும் உள்ளே செருகுவதில்லை. செஸ்ட்நட்டில் தனியாக ஒரு மரபணு மாற்று முயற்சியும் நடந்தது, கோதுமையின் ஒரு மரபணுவைச் செருகி டார்லிங் 58 என்ற மரத்தை உருவாக்கினார்கள். 2023 டிசம்பரில் அறக்கட்டளை அதற்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது. சோதித்துக்கொண்டிருந்தவை டார்லிங் 58 இல்லை, டார்லிங் 54 என்ற வேறு வரிசை என்று தெரிய வந்ததும் ஒரு காரணம். மேலே பெயர்ச்சீட்டு பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் சவுக்குக்கு இது உதவுமா?

உதவும், பைனைவிட எளிதாகவே. சவுக்கின் மரபணுத் தொகுதி சுமார் 30 கோடி எழுத்துதான், சுகர் பைனில் நூற்றில் ஒரு பங்கு. சில ஆண்டில் பூத்துவிடும். பட்டையில் கொப்புளம் வந்து வெடித்துக் கரிப்பொடி போல வித்து கொட்டி மரம் வாடும் நோய் நம் கடலோரச் சவுக்குத் தோப்புகளில் பழையது, பெயரில் கொப்புளம் இருந்தாலும் பைனின் துரு நோய்க்கும் இதற்கும் உறவு இல்லை. கோயம்புத்தூரில் உள்ள மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் சவுக்குக் குளோன்களை வெளியிட்டு வருகிறது.

எனக்குக் கவலை வேறு. குச்சி வைத்து வளர்த்த ஒரே குளோனை மைல் கணக்கில் நட்டால், அது ஹேப்பி கேம்ப் போன்ற நிலைமைதான், ஏன், அதைவிட மோசம். நாற்று வாங்கும் விவசாயி கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தக் குளோன், இன்னும் எத்தனை குளோன் உங்களிடம் இருக்கிறது என்பது. நான்கைந்தைக் கலந்து வாங்குங்கள். ஒன்றிரண்டு கொஞ்சம் மெதுவாக வளர்ந்தாலும் பரவாயில்லை.

எதிர்ப்புள்ள தாய் மரம் காட்டில் செத்துவிட்டால்?

சாகத்தான் செய்கிறது. கலிஃபோர்னியாவில் வறட்சியும் பட்டை வண்டும் காட்டுத்தீயும் சேர்ந்து, பல ஆண்டு சோதித்துத் தேர்ந்தெடுத்த மரங்களையும் விட்டுவைப்பதில்லை. நோயைத் தாங்குவதால் ஒரு மரம் தீயையும் தாங்கிவிடாது. அதனால் ஒரு மரம் தேறியதும் முதல் வேலை, கயிறு கட்டி உச்சிக்கு ஏறிக் கூம்பும் குச்சியும் எடுப்பது. அணில் கொறிக்காமல் இருக்கக் கூம்பு பச்சையாக இருக்கும்போதே கம்பிவலைப் பை மாட்டிவிட்டு வருவார்கள், இலையுதிர் காலத்தில் திரும்பப் போய் இறக்குவார்கள். குச்சியை ஒட்டுக் கட்டி வேறு இடத்தில் விதைத் தோப்பாக வளர்ப்பார்கள். விதையை உலர்த்தி, எண்ணி, எந்த மரம், எந்தச் சரிவு, எவ்வளவு உயரம் என்று சீட்டு எழுதி உறைகுளிர் அறையில் வைப்பார்கள்.